தாய்மாமன் வந்த வழி

மதுரை – ஆண்டிபட்டி கணவாய்

வடபழஞ்சி தாண்டியதும் பதினான்கு வயது மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அப்பாவைக் கேட்டாள். “பச்சைன்னு சொன்னீங்களே?”

வெளியே சீமைக்கருவேலமும் காய்ந்த செம்மண்ணும்தான் ஓடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் சரே எல்லையில் உள்ள ஃபார்ன்பரோவில் பிறந்து வளர்ந்த பெண் அவள். அப்பா சொன்ன கம்பம் பள்ளத்தாக்குக் கதைகளில் ஆறு உண்டு, திராட்சைப் பந்தல் உண்டு, அருவியை மறித்து நிற்கும் யானையும் உண்டு. இந்தக் கருவேலங்காடு எந்தக் கதையிலும் வந்ததில்லை.

“கணவாய் தாண்டட்டும்” என்றார் அப்பா. அவருக்கும் உள்ளே கொஞ்சம் உதறல்தான். ஊரைவிட்டுப் போய் 22 ஆண்டுகள். நடுவே வந்ததெல்லாம் பத்து நாள், எட்டு நாள். ஒருமுறை தன் கல்யாணத்துக்கு, ஒருமுறை அப்பாவின் வருஷத் திதிக்கு. இந்த முறை அவர் விருந்தாளியாக வரவில்லை. அக்கா மகளுக்குக் கல்யாணம். அவர்தான் ஒரே தாய்மாமன்.

மதுரை–போடி ரயில் தடம் 1928இல் திறக்கப்பட்டது. ஏலமலையின் சரக்கு சமவெளிக்கு இறங்கிவந்த தடம் அது. 2010 டிசம்பர் 31உடன் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையில் ரயில் தேனிக்கு வர 2022 ஆயிற்று, போடியைத் தொட 2023. இடைப்பட்ட காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்கள் பழைய ரயிலைப் பற்றி, செத்துப்போன பெரியப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல் பேசப் பழகிவிட்டன. குறை சொல்லாமல், கொஞ்சம் கூட்டியே சொல்லி. தாய்மாமன் ஊரைவிட்டுப் போனதும் அந்த மீட்டர்கேஜ் ரயிலில்தான்.

உசிலம்பட்டியில் ஏறிய ஒரு மூதாட்டி, கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊரு, என்ன விசேஷம், பொண்ணுக்கு நீங்க என்ன வேணும். தாய்மாமன் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே பலகையில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

“தாய்மாமன்ங்கிறீக. இம்புட்டுத்தானா கொண்டு போறீக?”

ஆண்டிபட்டி கணவாயில் ரயில் வேகம் குறைந்தது. பாறைகள் விலகியபோது மேற்கே முழு அகலத்துக்கும் மலை எழுந்து நின்றது. ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்து மூதாட்டியின் முந்தானையைத் தூக்கியது. வைகாசிக் காற்று. கேரளத்தில் மழை தொடங்கப் போகிறது என்பதைத் தேனிக்காரர்களுக்கு முதலில் சொல்வது அதுதான். தூரத்தில் காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றத் தொடங்கியிருந்தன. பச்சை இன்னும் வரவில்லை. ஆனாலும் மகள் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

தேனி

இந்தக் கல்யாணம் தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் நடந்திருக்க வேண்டியது. மணப்பெண் பெங்களூரில் வேலை பார்ப்பவள். கோவளத்திலும் கோவாவிலும் தோழிகள் கல்யாணம் செய்துகொண்ட படங்களைப் பார்த்து, மஞ்சுக்கு நடுவே நூறு பேரோடு முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“மொய் டேபிளை எங்கம்மா போடுறது?”

ரிசார்ட் பேச்சு அத்தோடு முடிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். தேனிப் பக்கத்தில் இது சட்டப் பிரச்சினை மாதிரி. நூறு பேரை அழைத்தால், முப்பது ஆண்டுகளாகச் செய்த இடங்களிலிருந்து திரும்பி வரவேண்டியதை யார் வாங்குவது? மற்ற ஊர்களில் மொய் என்று சொல்வதை இங்கே பெரும்பாலும் ‘செய்முறை’ என்பார்கள். செய்ததற்குச் செய்வது. யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு எழுதினோம் என்பது நோட்டில் இருக்கும். அது திரும்பி வரும்போது கொஞ்சம் கூட்டி வரும். கூட்டிய அளவுக்கு மறுபடி இவர்கள் கடன்பட்டிருப்பார்கள். கணக்கு எந்நாளும் நேராகிவிடக் கூடாது. நேரானால் உறவு முடிந்தது என்று பொருள்.

தேனி பஸ் நிலையத்தைச் சுற்றி ஃப்ளெக்ஸ் பேனர்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. கல்யாணம், காதணி விழா, கிரகப்பிரவேசம். நடுவில் மிகப் பெரிய பேனரில் கிரீடம் வைத்த ஒரு சிறுமி, தன்னைச் சுற்றி முப்பது உறவினர்களின் பாஸ்போர்ட் அளவு முகங்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பூப்புனித நீராட்டு விழா. அம்மாவிடம் அர்த்தம் கேட்டாள். அர்த்தம் தெரிந்ததும் சாலையிலேயே நின்றுவிட்டாள்.

“இதை ஊருக்கே சொல்லுவாங்களா? படத்தோட?”

அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், மருத்துவமனையில் செவிலியர். “எங்கட பக்கமும் சாமத்தியச் சடங்கு செய்யிறவைதான். லண்டனிலை ஹோல் எடுத்துச் செய்யினம். ஆனா இப்பிடி ரோட்டிலை பேனர் கட்டுறதை நான் கண்டதில்லை” என்றார். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்கு இதெல்லாம் செய்ய மாட்டீங்கல்ல?”

அப்பா, ஆட்டோ பேரம் பேசுவதில் மும்முரமானார்.

வீரபாண்டி

தேனியிலிருந்து தெற்கே போனால் எட்டு கிலோமீட்டருக்குள் வீரபாண்டி. சித்திரைத் திருவிழா முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கௌமாரியம்மன் கோவில் வாசலில் ராட்டினக்காரர்கள் தோண்டிய குழிகள் இன்னும் மூடப்படவில்லை. எட்டு நாள் திருவிழாவில் அக்னிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து மாவட்டமே இங்கே கூடும். கண் பார்வை போன பாண்டிய மன்னனுக்கு இந்த அம்மன்தான் பார்வை தந்தாள் என்கிறது தலபுராணம்.

கோவிலை ஒட்டி ஆறு. ஊர்க்காரர்களுக்கு முல்லையாறு, அரசு ஏடுகளில் முல்லைப் பெரியாறு. மகன் பத்து வயதுக்காரன். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது ஆறா என்று கேட்டான். பாறைகளுக்கு நடுவே முழங்கால் நனையாத நீர்தான் போய்க்கொண்டிருந்தது. தேங்காய் விற்ற அம்மாள் அவனிடம் பெரிய மனிதனிடம் சொல்வதுபோல் சொன்னார். “தண்ணி ஒண்ணாந்தேதி வரும் தம்பி.”

அது ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல் இருந்தது. ஆறு தேதி பார்த்து வரும் ஊர் என்பதை அவன் நம்பவில்லை.

சின்னமனூர்

உப்புக்கோட்டை விலக்கு தாண்டியதும் பச்சை வந்தது. மெல்ல வரவில்லை. கதவைத் திறந்ததுபோல் வந்தது. இரண்டு பக்கமும் தென்னை, தென்னைக்கு அடியில் வாழை, வாழை முடிந்த இடத்தில் மலை. கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை, நடுவே விரித்துப் போட்ட பாய் மாதிரி வயல். மகள் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை எடுத்தாள். அப்பாவுக்கு அதுவே போதும்.

சில தோப்புகளில் வாழைகள் தாரோடு முறிந்து கிடந்தன. கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்று இங்கே அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகிறது. பாண்டியர் வரலாற்றுக்கு ஆதாரமான சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்த ஊர் இது. ஆனால் இன்றைக்குச் சின்னமனூர் என்றால் வியாபாரிகளுக்கு வாழைத்தார்தான்.

வீட்டில் அப்பத்தா காத்திருந்தார். பேரனையும் பேத்தியையும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்த கையோடு, மகனை உள்ளறைக்குக் கூப்பிட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து நீளவாக்கில் தைத்த இரண்டு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். இறந்துபோன தாத்தாவின் செய்முறை நோட்டுகள்.

முதல் நோட்டில் மகனின் கல்யாணக் கணக்கு இருந்தது. முதல் பக்கம், முதல் வரியில் அக்கா வீட்டுக்காரர் பெயர். இரண்டு பவுன் செயின், ஒரு ஆட்டுக்கிடா, ஆறு மூட்டை அரிசி. கழுத்தில் விழுந்த செயின் அவருக்கு நினைவிருந்தது. அரிசி நினைவில்லை.

இரண்டாவது நோட்டுதான் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தது. அது வாங்கிய கணக்கு இல்லை, கொடுத்த கணக்கு. அவர் இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளில், சொந்தத்திலும் தெருவிலும் நடந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் தாத்தா இரண்டு வரி எழுதியிருக்கிறார். ஒன்று தன் பெயரில். இன்னொன்று மகன் பெயரில். 101, 201, பிறகு 500. ஊர் பெயருக்குப் பக்கத்தில் ‘லண்டன்’ என்று ஒரு சொல். கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் நடுங்கிக்கொண்டே போய், ஒரு காதணி விழாவோடு நின்றிருந்தது.

இந்த ஊரில் யாருக்கும் அவர் போய்விட்டவராகத் தெரியவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை ஆண்டுகள் அவர் எல்லா வீட்டு விசேஷத்திலும் கலந்துகொண்டிருக்கிறார்.

“மச்சாளுக்கு நாங்கள் என்ன செய்ய வேணும்?” என்று மனைவி கேட்டார். கணவரின் அக்காவை இங்கே மதினி என்று கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், வாய் ஒத்துழைக்காது. தாய்மாமனை அம்மான் என்று சொல்லும் ஊர் அவருடையது. அப்பத்தா விரல்விட்டுச் சொன்னார். அம்பத்தோரு தட்டு, முகூர்த்தப் பட்டு, மாலை, நெத்திப்பட்டம், கிடா, அரிசி. செயின் மூணு பவுன்.

“ரெண்டுதானே செஞ்சாங்க?” என்றார் மகன்.

“ரெண்டு செஞ்சா ரெண்டா செய்வாக?” என்றார் அப்பத்தா.

மாலையில் கடைத்தெருவுக்குப் போன இடத்தில் இன்னொன்று நடந்தது. டீக்கடைச் சுவரில் முருகனுக்கும் காலண்டருக்கும் நடுவே, மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம். சந்தனப் பொட்டும் மாலையும் போட்டிருந்தது. மகன் சத்தமாகச் சொன்னான். “இவர் எங்க பார்க்ல இருக்காரே!”

அவன் சொன்னது உண்மை. ஜான் பென்னிகுயிக். 1841இல் புனேயில் பிறந்து, மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பொறியாளர். 1911இல் கேம்பர்லியில் இறந்தார். கல்லறை பக்கத்து ஊரான ஃப்ரிம்லியில். பென்னிகுயிக்கின் நினைவை அங்கே மீட்டதில் உத்தமபாளையத்திலிருந்து லண்டனில் குடியேறிய ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேம்பர்லி பூங்காவில் சிலை வைத்தது. ஃபார்ன்பரோவிலிருந்து அது பத்து நிமிஷ கார்ப் பயணம். பையனுக்கு அந்தச் சிலை, பந்து உருண்டு போய் நிற்கும் இடம்.

டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார். “பென்னிகுயிக் ஐயா ஊரா நீங்க?” டீக்குக் காசு வாங்கவில்லை. மறுநாள் காலைக்குள் சின்னமனூரிலிருந்து கம்பம் வரை சொந்தக்காரர்களிடம் செய்தி பரவிவிட்டது. லண்டன் மாமன் என்று இருந்தவர் பென்னிகுயிக் ஊர் மாமன் ஆகிவிட்டார்.

சுருளிப்பட்டி

சீர்த்தட்டில் திராட்சை வைக்க வேண்டும், அதுவும் தோட்டத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் சுருளிப்பட்டி. சாலையோரமே பந்தல்கள் தொடங்குகின்றன. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் குனிந்து போகும் உயரத்தில் கொடி படர்ந்திருக்கிறது. வெளியே வெயில் கொளுத்த, பந்தலுக்குள் பச்சை வெளிச்சம். தலைக்கு மேல் கறுத்த குலைகள்.

இதுதான் பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதை உண்டு, தோல் மெல்லிசு, ரொம்ப நாள் தாங்காது. விதையில்லாத பச்சைத் திராட்சை வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் போகச் சொல்வார்கள். அதைச் சொல்லும் தொனியிலேயே அது ஒரு படி கீழே என்பது தெரிந்துவிடும். மற்ற ஊர்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு மாதத்தில் கவாத்து வெட்டுவதால் ஆண்டு முழுக்க ஏதோ ஒரு பந்தலில் அறுவடை நடக்கும்.

தோட்டக்காரர் ஒரு குலையை வெட்டி மகள் கையில் கொடுத்தார். ஃபார்ன்பரோ சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் வரும் திராட்சைக்கு விதையும் இல்லை, வாசனையும் இல்லை. இது வாயில் வைத்ததும் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. விதையை எங்கே துப்புவது என்று அவள் திணறியதைப் பார்த்துத் தோட்டக்காரர் சிரித்தார். “மண்ணுலதான் பாப்பா.”

விலை கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தாய்மாமனை உற்றுப் பார்த்தார். “உங்க அய்யா என் மக கல்யாணத்துக்கு உங்க பேருல எழுதியிருக்காரு. நோட்டுல இருக்கு. உங்க வீட்டுல ஒரு விசேஷம் வரட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கோம்.” பிறகு மகளைப் பார்த்தார். “பாப்பாவுக்கு எப்போ?”

மகள் பந்தலைவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கம்பம்

முகூர்த்தம் காலை நாலரையிலிருந்து ஆறு. அதற்கு முந்தைய மாலையில் சீர் போனது. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை அரைக் கிலோமீட்டர், அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம். முன்னால் நாயனமும் தவிலும், அதற்குப் போட்டியாகக் குமுளிப் பக்கமிருந்து வந்த செண்டை மேளம். மலைக்கு அந்தப் பக்கத்து மேளம் இல்லாமல் இப்போது கம்பத்தில் ஊர்வலம் கிடையாது. பெரியாறு அணைத் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் கோர்ட்டில் நிற்கலாம். செண்டைக்கு அட்வான்ஸ் கொடுப்பதில் யாருக்கும் தயக்கமில்லை.

ஐம்பத்தோரு தட்டைச் சுமக்க ஐம்பத்தோரு பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாழ்ப்பாணத்து மனைவிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் கையில் முதல் தட்டு: பட்டும் நெற்றிப்பட்டமும். இடது பக்கம் நடந்த ஒரு அத்தை கன்னடத்தில் யாரையோ அதட்டினார், வலது பக்கத்தில் தெலுங்கு. கம்பத்தில் வீட்டுக்குள் பேசும் மொழி தெருவுக்குத் தெரு மாறும். மாட்டுப் பொங்கலன்று நந்தகோபாலசாமி கோவில் தொழுவில் தம்பிரான் மாட்டை வணங்கும் குடும்பங்களின் வீட்டுமொழி கன்னடம். ரவுத்தர் வீட்டு ஆட்கள் மண்டப வாசலில் பந்தி மேற்பார்வையில் நின்றார்கள். மாப்பிள்ளை, மச்சான், மாமா என்று எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். முறையை வைத்துச் சாதியையோ மதத்தையோ கண்டுபிடிக்க முயன்றால் தலை சுற்றும்.

அதற்காக இந்தப் பள்ளத்தாக்கில் சாதி இல்லை என்று எழுதினால் அது பொய். சாலையின் ஃப்ளெக்ஸ்களில் யார் படம் எந்தத் தலைவர் படத்தோடு இருக்கிறது என்று பார்த்தாலே போதும். இந்தக் கல்யாண ஃப்ளெக்ஸில் மூலையில் இருந்தது பென்னிகுயிக். அவரை மட்டும் எல்லாச் சாதிக்காரர்களும் வைத்துக்கொள்கிறார்கள்.

விடிகாலை மூன்றரைக்கு மண்டப வாசலில் காற்று குளிர்ந்து சாரல் தூவியது. மகன் தூக்கக் கலக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தான். கல்யாண வீட்டைத் தவிர ஊரில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தவனுக்கு முன்னால் ஜீப்புகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். போடிமெட்டிலும் குமுளியிலும் இதே நேரத்தில் இதே ஜீப்புகள் ஏறும், சாயங்காலம் இறங்கும். ஒரு ஜீப் வேகம் குறைத்தது. உள்ளே இருந்த ஒருத்தி எட்டி, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தையும் பெண் மாப்பிள்ளை படத்தையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். சிரிப்புச் சத்தம் ஜீப்போடு மலையேறியது.

மணவறையில் தாய்மாமன் நெற்றிப்பட்டம் கட்ட வேண்டிய நேரம் வந்தபோது அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மெல்லிய தகடு, பின்னால் நூல். மூன்றாவது முறையும் முடிச்சு நழுவியதும் மணப்பெண் தலையைக் குனிந்தபடியே கிசுகிசுத்தாள். “மாமா, ஷூ லேஸ் மாதிரி நெனச்சுக்கங்க.” முடிச்சு விழுந்தது.

கெட்டிமேளம் அடங்கும் முன்பே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி பந்திக்கு, மறு பாதி மொய் டேபிளுக்கு. உண்மையில் அது டேபிள் இல்லை, நாலு டேபிள். ஒன்றில் நோட்டு, ஒன்றில் கணினி, ஒன்றில் பணம் எண்ணுகிறவர், கடைசியில் கியூஆர் அட்டை. உசிலம்பட்டிப் பக்கம் செய்முறைக் கணக்குக்கென்றே மென்பொருள் வைத்து ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொன்னதும் ரசீது அச்சாகி வருகிறது. ஆனாலும் பெரியவர்கள் நோட்டுக்காரர் முன்னால்தான் நின்றார்கள். தங்கள் பெயரைப் பேனா எழுதி முடிக்கும்வரை நகரவில்லை. தாய்மாமன் மூன்று பவுன் செயினை மேடையில் போட்டுவிட்டு வந்து நோட்டில் தன் பெயரைச் சொன்னார். எழுதுகிறவர் நிமிரவில்லை. ‘சின்னமனூர்’ என்று எழுதி, அடுத்து ‘லண்டன்’ என்று போடப் போன பேனாவை நிறுத்தி, யோசித்து, ‘பென்னிகுயிக் ஊர்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினார்.

பந்தியில் இட்லி, வெண்பொங்கல், உளுந்த வடை, கேசரி, இலை ஓரத்தில் செவ்வாழை. சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது, அவசரமாக இருந்தது. ருசி பார்க்க வேண்டிய விருந்து மறுநாள்.

பண்ணைப்புரம் வழியாகப் போடி

மாப்பிள்ளை வீடு போடியில். கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வந்து மேற்கே திரும்பினால் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று மலையடிவாரத்திலேயே சாலை போகிறது. பண்ணைப்புரத்தில் வேன் டிரைவர் கேட்காமலே வேகத்தைக் குறைத்தார். இளையராஜாவின் ஊர். தேனி அல்லிநகரம் பாரதிராஜாவின் ஊர், பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி வைரமுத்துவின் ஊர். 1980இல் ‘நிழல்கள்’ படத்தில் இந்த மூவரும் சேர்ந்தார்கள். வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டு அதில்தான். முப்பது நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரு காலத்துத் தமிழ் சினிமாவே இருந்தது என்று அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். மகள் காதில் கருவி மாட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினாள். உள்ளே ஓடியது இளையராஜா. மண்டபத்துக்கு வந்திருந்த யாரோ ஒரு அத்தை மகள் அனுப்பியது.

சாலைக்கு மேற்கே மலை செங்குத்தாக நிற்கிறது. மூட்டை சுமந்து அந்த மலையில் ஏறி இறங்கியவர்களின் கதைதான் 2018இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படம். விடியலில் பார்த்த ஜீப்புகளை மகன் அப்போது நினைவுபடுத்தினான்.

போடியில் தெருவுக்குள் நுழைந்ததுமே ஏலக்காய் வாசம். வீடுகளின் முன்கூடங்களில் பெண்கள் உட்கார்ந்து முறத்தில் காய் தரம் பிரிக்கிறார்கள். பெருங்காய் தனி, வெடித்தது தனி, நிறம் போனது தனி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது. ஏலத்தில் திரையில் தெரியும் விலை ஏறி இறங்குவதற்கேற்ப இங்கே கல்யாண மண்டபத்தின் அளவும் மாறும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார். இந்த ஆண்டு மண்டபம் பெரியது.

கறிவிருந்து வீட்டு மாடியில், தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில். வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, குடல், ஈரல் வறுவல், எலும்பு ரசம். பரிமாறியவர்கள் எல்லோரும் ஆண்கள். இலையில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. யாழ்ப்பாணத்து மனைவி குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, மல்லியும் மிளகும் எங்கே நிற்கின்றன என்று கணித்தார். “எங்கட கறித்தூள் இதை விட உறைப்பு. ஆனா இந்த வாசம் அதிலை இல்லை” என்றார். பக்கத்தில் இருந்த மதினி ஒரு பொட்டலம் ஏலக்காயை அவர் மடியில் வைத்தார். “கொழம்புல போடுறதுக்கு இல்ல. பெட்டியில துணிக்கு நடுவுல போட்டுக்கங்க. அங்க போயும் ஒரு மாசம் எங்க வாசம் வரும்.”

லோயர் கேம்ப்

ஜூன் 1. கொச்சியில் விமானம். அங்கே போகக் கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏற வேண்டும். ஏறுமுன் லோயர் கேம்ப்.

பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. 1886இல் சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டன. 1887இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்ட கட்டுமானம். மலையைக் குடைந்த ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே வருகிறது, ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரம் கொடுத்துவிட்டுப் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அணையில் இருப்பு இருக்கும் ஆண்டுகளில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 1. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தேதியை நம்பித்தான் நாற்று விடுகிறது. வீரபாண்டியில் தேங்காய் விற்ற அம்மாள் சொன்ன ஒண்ணாந்தேதி இதுதான்.

காலையில் தேக்கடியில் மதகு திறந்தாயிற்று என்று கூடலூரிலேயே சொன்னார்கள். இரைச்சல் பாலத்தருகே வண்டியை நிறுத்தியபோது பாலத்தின் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மகன் கத்தியது பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்கவில்லை. வெள்ளையாகப் பொங்கி, புகைபோல் சாரலை எழுப்பி, பாறையை மூடிக்கொண்டு ஆறு கிழக்கே போயிற்று. கரையில் பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள் பூவும் நெல்லும் தூவிவிட்டு நின்றிருந்தார்கள்.

மணிமண்டபம் பக்கத்திலேயே. 2013 ஜனவரியில், பென்னிகுயிக்கின் பிறந்த நாளான 15ஆம் தேதி திறந்தது. தை மாதம் அந்த நாளில் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். வெண்கலச் சிலைக்கு அன்றும் புது மாலை போட்டிருந்தது. சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஆவணம் எங்கே என்று இந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்க யாருக்கும் மனம் வராது. கேட்டாலும், இரைச்சலில் கேட்காது.

மகன், “நம்ம பார்க்ல இருக்கிறது சின்னது” என்றான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பினார். எழுபது வயது இருக்கும், கால் சேறு காயவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள், தமிழில், கேம்பர்லி பக்கம் என்று. அவர் அந்தப் பெயரைத் திரும்ப ஒருமுறை சரியாகச் சொன்னார். லண்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேம்பர்லி தெரிந்திருந்தது.

“கல்லறைக்குப் போயிருக்கியா தாயி?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம் என்பதைச் சொல்லவில்லை.

பெரியவர் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து ஒரு நூறு ரூபாய் நோட்டையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் அவள் கையில் வைத்தார். “பூ வாங்கி வச்சிரு. கூடலூர்க்காரன் குடுத்தான்னு சொல்லு.” பெயர் கேட்பதற்குள் அவர் கரையிறங்கி நடந்துவிட்டார். மடையில் தண்ணீர் ஏறும் நேரம், அவருக்கு நிற்க நேரமில்லை.

குமுளி மலைப்பாதையில் வண்டி வளைந்து ஏறத் தொடங்கியது. பின்கண்ணாடியில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது, நடுவே ஒரு வெள்ளிக்கோடு புதிதாக. மகள் நோட்டையும் நாணயத்தையும் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு பேனாவைத் தேடி எடுத்தாள்.

“அப்பா, கூடலூர் எப்படி எழுதணும்? சின்ன ‘ல’வா?”